வலையைப் போடாமல் பொட்டு எண்ணியவன்

பெண்ணைப் பெற்றவன் பொழுதுபோக்கு என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டாலும், வரன் பேசும் போனில் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மீறியவன் நான்.

மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். எல்லோருக்கும் வழியனுப்பு விழாவில் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கு மட்டும் எங்கள் துரை, அதாவது மேனேஜர், தன்னுடைய சொந்தத் தூண்டிலைக் கொடுத்தார். கம்பும் ரீலும் கைப்பிடி வைத்த வலையும் சேர்ந்து ஒரு செட். கூட்டத்தில் கைதட்டல் பலமாக இருந்தது. (துரைக்கும் அப்போது மாற்றல் ஆகியிருந்தது, சாமான் ஏற்றிய லாரியில் அது மட்டும் அடங்கவில்லை என்று டிரைவர் பிறகு சொன்னான்.)

எஸ்டேட்டுக்கு மேலே, சோலையை ஒட்டி, ஒரு சின்ன அணை உண்டு. அதில் எப்போதோ ட்ரௌட் என்ற சீமை மீனின் குஞ்சு விட்டு, அது பெருகிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் நான் சாட்சி சொல்ல முடியும். பதினோரு மாதம் வாரம் தவறாமல் அங்கே போனேன். பிடித்த ட்ரௌட் பூஜ்யம். பிடித்த சளி நான்கு. அணைக்கரைக்குப் பின்னாலேயே தேயிலை தொடங்கிவிடும். தூண்டிலைப் பின்னால் ஓங்கினால் அதன் முள் தேயிலைச் செடியில் மாட்டும். இழுத்தால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஃபாக்டரிக்கு அனுப்பலாம் போல, சுத்தமான கொழுந்து கையில் வரும். முப்பத்துநான்கு வருஷ சர்வீஸில் நான் கொழுந்து பறித்தது அப்போதுதான்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு எண்ணுகிற வியாதி உண்டு. ஃபாக்டரியில் மூட்டை எண்ணி எண்ணி ஒட்டிக்கொண்டது. கோயிலில் பூசாரி எத்தனை முறை மணியடித்தார் என்று எண்ணுவேன்; வேண்டுதல் மறந்துபோகும். துக்க வீட்டில் மாலைகளை எண்ணுவேன். என் மனைவி பார்வதி கோபமாகப் பேசும்போது எத்தனை முறை ‘உங்க வம்சம்’ என்று சொன்னாள் என்று எண்ணிவிட்டு, என்ன சொன்னாள் என்பதைத் தவறவிடுவேன்.

எங்கள் மகள் சுகந்தி கோயம்புத்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். அதுவரை ஒன்பது வரன் வந்து போயிருந்தன. ஒன்பது பேரும் பஜ்ஜி தின்றார்கள். ஒன்பது பேரும் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “யோசிச்சுச் சொல்றோமுங்க” என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாவது வரன் வேறு மாதிரி. பல்லடத்துப் பையன். சுகந்தியின் கடைக்கு மூன்று முறை கண் பரிசோதனைக்கு வந்தானாம். பார்வையில் ஒரு குறையும் இல்லையாம். நான்காவது முறை வந்தபோது இவளே, “உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லைங்க, ஊட்டுல வந்து பேசச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டாளாம். பையனின் அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், பெயர் சின்னச்சாமி. அவருக்கு மறுப்பில்லை. அம்மா செல்வநாயகிக்குத்தான் மனசில்லை. “மலைக்காட்டுலயிருந்தா பொண்ணெடுக்கறது? நல்லது கெட்டதுக்குப் போயிட்டு வரவே ரெண்டு நாளாகும்” என்றாராம். கடைசியில், நேரில் போய் வீட்டைப் பார்ப்போம், பிறகு பேசலாம் என்ற அளவுக்கு இறங்கியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சின்னச்சாமி போன் செய்தார்.

“ஏனுங்க, ரிட்டயர்டு ஆயி ஊட்டுல சும்மா இருக்கறது கஷ்டமா இல்லீங்களா?”

“இல்லீங்க, ட்ரௌட் பிடிக்கப் போறதுண்டுங்க” என்றேன்.

“அடேயப்பா! ட்ரௌட்டுங்களா! எங்களுக்கு எந்நேரமும் கோழிதானுங்க. கோழிக் கொழம்பு, கோழி வறுவல், கோழிச் சண்டை. மீனக் கண்ணுல பாத்தே மாசக்கணக்காச்சு.”

நான் சொன்னது பொய்யில்லை. பிடிக்கப் ‘போறதுண்டு’. பிடித்ததுண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சுகந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, இந்த எடம் எனக்கு வேணும். நாளைக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க. வாயத் தொறக்காம இருங்க.”

“வாங்கன்னு கூடச் சொல்லக்கூடாதா கண்ணு?”

“அதச் சொல்லலாம். சொல்லீட்டு மூடிக்குங்க.”

ஐப்பசி மாதம். காலையில் வெயில் போல ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் உள்ள வளைவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். செல்வநாயகி அம்மாளுக்கும் அன்றைக்குத் தெரிந்துபோனது. பையனை அழைத்து வராமல் அவரும் கணவரும் மட்டும் வந்திருந்தார்கள். காரை விட்டு இறங்கும்போதே முகம் வெளுத்திருந்தது.

“காலைல தின்ன இட்டிலியெல்லாம் பர்லியாத்துலயே போயிருச்சுங்க” என்று சின்னச்சாமி எங்களுக்கு விளக்கம் சொன்னார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு இட்டிலியும் போயிருக்கும்.

“வாங்க” என்றேன். சுகந்தி உள்ளேயிருந்து பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தம் உறுதியாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, இலை போட்டுச் சோறு சாப்பிட மாட்டார்கள். டீ, காப்பி, பஜ்ஜி எல்லாம் கணக்கில் வராது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பேச்சை மாற்ற முடியாது. பார்வதிக்கும் இது தெரியும். தெரிந்தும் சாம்பார், ரசம், மூன்று பொரியல், வடை, பாயசம் என்று பன்னிரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். (ஒன்பது வரனுக்கும் இப்படித்தான் சமைத்தாள். மூன்று நாளைக்கு நான்தான் சாப்பிடுவேன்.)

“டீ மட்டும் குடுங்க அம்மிணி” என்றார் செல்வநாயகி அம்மாள். பஜ்ஜித் தட்டு பக்கத்தில் வந்ததும் எண்ணெய் வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கை நனைக்கறதெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க. கட்டுச்சோறு கொண்டாந்திருக்கறோம். போற வழியில குன்னூருல எங்காச்சும் உக்காந்து சாப்பிட்டுக்கறோம்.”

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஈரம் கோத்திருந்த இடத்தைப் பார்த்தார். சுகந்தியிடம் இரண்டு கேள்வி கேட்டார். அந்த இரண்டு பதிலுக்கும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது ‘யோசிச்சுச் சொல்றோமுங்க’ அவர் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அந்த வார்த்தை புறப்படுவதற்கு முன் ஒரு சின்ன இருமல் வரும். ஒன்பது முறை கேட்டவன் நான். இருமினார்.

சரியாக அந்த நேரத்தில் சின்னச்சாமி, “அந்த ட்ரௌட் இருக்கற அணைய மட்டும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?” என்றார்.

பார்வதி என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். “இது வரைக்கும் ஒரு மீனு பிடிச்சிருக்கறீங்களா? அங்க போயி இருக்கற மானத்தையும் வாங்கோணுமா?”

எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மீன் விழுந்தால் போதும். அதை அவர் பல்லடத்துக்குக் கொண்டுபோவார். அங்கே அந்த அம்மாள் கையாலேயே பொரிப்பார்கள். எங்கள் ஊர் மீனை அவர்கள் வீட்டில் தின்றால், அது முழுக் கை நனைப்பு இல்லாவிட்டாலும் பாதிக்காவது வருமல்லவா? இந்த அற்புதமான யோசனையை நான் பார்வதியிடம் சொல்லவில்லை. எஸ்டேட் ஆபீஸில் எழுதி வாங்கிய அனுமதிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தூண்டில் செட்டோடு அவர் காரில் ஏறினேன். “ஒரு மணி நேரத்துல வந்தர்றோம்” என்றார் சின்னச்சாமி, மனைவியிடம்.

அந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரத்தில் முடியவில்லை.

அணையில் பனிமூட்டம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எதிர்க்கரை தெரியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. சின்னச்சாமி மேட்டுப்பாளையத்தில் வாங்கிய புது ஸ்வெட்டரின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, “அருமையான எடமுங்க” என்றார். பல் தந்தியடித்தது.

நான் கம்பை ஓங்கினேன். முதல் வீச்சில் செடி. இரண்டாவதிலும் செடி. மூன்றாவது வீச்சில் ஏதோ கனமாக மாட்டியது. “விழுந்துருச்சுங்க!” என்று கத்திக்கொண்டு இழுத்தேன். பின்னாலிருந்து, “ஏனுங்க, அது நானுங்க” என்று குரல் வந்தது.

முள் அவர் முதுகில், புது ஸ்வெட்டரில் மாட்டியிருந்தது. கழற்றினேன். முள்ளோடு நூலும் வந்தது. நூலை அறுக்க இழுத்தேன். இன்னும் வந்தது. இழுக்க இழுக்க முதுகில் ஒரு ஜன்னல் திறந்தது.

“பரவாயில்லீங்க” என்றார்.

எங்கள் பக்கத்தில் பரவாயில்லீங்க என்ற சொல்லை எண்ணிக்கொண்டே வர வேண்டும். முதல் தடவை சொன்னால் உண்மையிலேயே பரவாயில்லை. இரண்டாவது தடவை சொன்னால் மனசில் குறித்துக்கொண்டார் என்று பொருள். மூன்றாவது தடவை சொன்னால் அந்தக் குடும்பத்தோடு உங்களுக்கு இனிப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்று ஆகியிருந்தது.

பரிகாரமாக, கம்பை அவர் கையில் கொடுத்தேன். “நீங்களே வீசிப் பாருங்க.”

“எனக்குத் தெரியாதுங்களே.”

“சும்மா தண்ணியில போடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

அவர் தீவனம் இறைப்பது போலக் கையைச் சுழற்றி எறிந்தார். முள் தண்ணீரில் விழுந்தது. விழுந்த மறுகணம் கம்பு வில்லாக வளைந்தது. ரீல் கத்தியது. அவரும் கத்தினார். நானும் கத்தினேன். பனிக்குள்ளிருந்து ஒரு ட்ரௌட் துள்ளி எழுந்து, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி விழுந்தது. பதினோரு மாதத்தில் அதன் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவர் எப்படியோ சுற்றிச் சுற்றிக் கரை வரைக்கும் இழுத்துவிட்டார். என் வேலை ஒன்றே ஒன்றுதான்: வலையை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குனிந்தேன். மீன் என் கையெட்டும் தூரத்தில், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. விலாவில் வானவில் மாதிரி ஒரு ரோஸ் கோடு. அதன்மேல், மை தெளித்தது போலக் கறுப்புப் பொட்டுகள்.

ஒன்று, இரண்டு, மூன்று.

“வலையப் போடுங்க!”

நான்கு, ஐந்து. வால் பக்கம் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா?

“ஏனுங்க! வலைங்க! வலை!”

ஏழு என்று வைத்துக்கொண்டேன். எட்டுக்குப் போவதற்குள் அது ஒரு உதறு உதறியது. நான் பதறிப்போய் வலையை வீசினேன்; அது மீனுக்கு அடியில் போகாமல் தூண்டில் நரம்பின் மேல் விழுந்து அதை அறுத்தது. டப். கம்பு நிமிர்ந்தது. மீன் நிதானமாகத் திரும்பி, மற்ற பொட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

“பரவாயில்லீங்க” என்றார் சின்னச்சாமி.

இரண்டு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் இரண்டு பேரின் உண்மையான துயரம். நியாயமாகப் பார்த்தால் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் நான் எப்படிக் கிளம்பலாம் என்று சொல்வேன்? அவர் பிடித்த மீனைத் தொலைத்தவன் நான். இன்னொரு மீனைக் கொடுக்காமல் போவது அழகா? அவராலும் கிளம்பலாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் கோபித்துக்கொண்டு போகிறார் என்று ஆகிவிடும். எனவே இருவரும் நின்றோம். தூறல் தொடங்கியது.

“குளிருதுங்களா?” என்றேன்.

“சேச்சே, சுகமா இருக்குதுங்க. உங்களுக்கு?”

“எனக்கென்னங்க, பழகிருச்சு.” (கால் இரண்டும் எனக்குச் சொந்தமா என்றே தெரியவில்லை.)

“போலாமுங்களா, இல்ல இன்னுஞ் சித்த நேரம் பாக்கறீங்களா?” என்றார்.

“உங்க இஷ்டமுங்க.”

“இல்லீங்க, உங்க இஷ்டந்தான்.”

“நீங்க சொன்னாச் சரிங்க.”

“நீங்க ஆசையாக் கூட்டியாந்திருக்கறீங்க. நானென்னத்தச் சொல்றது?”

இதே பேச்சு ஐந்து முறை நடந்தது. ஒரு தடவைகூட யாரும் தோற்கவில்லை. மழை கொட்டத் தொடங்கியதும்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காருக்கு ஓடினோம். ஓடுகிறபோது நான் வழுக்கி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். வேட்டி என்னோடு வந்தது. அவர் உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்தார் என்பதை அந்த நாளின் ஒரே நல்ல செய்தியாகக் குறிப்பிடலாம். அவர் வாய் திறந்தது. மூன்றாவது பரவாயில்லீங்க வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தும்மினார். அவ்வளவுதான்.

மழையில் முன்னால் தெரியவில்லை. மண் பாதை சேறாகிவிட்டது. மழை விடாமல் காரை எடுக்க முடியாது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. எனக்கு வயிறு சத்தம் போட்டது. அவர் வயிறு பதில் போட்டது. கொஞ்ச நேரம் இரண்டும் பேசிக்கொண்டன. பிறகு அவர் மெல்லப் பின் சீட்டுக்குக் கையை நீட்டி ஒரு பெரிய தூக்குப்போசியை, மூடி போட்ட சோற்றுப் பாத்திரத்தை, எடுத்தார்.

“கட்டுச்சோறுங்க. ஒரு வாய் சாப்பிடுங்க.”

“ஐயோ, வேண்டாமுங்க. அம்மா உங்களுக்குன்னு கொண்டாந்தது.”

“நாலு பேரு சாப்பாடுங்க. ஒரு வாய் எடுங்க.”

மூன்று முறை மறுத்தேன். மறுப்பதற்கு அதுதான் மரியாதையான எண்ணிக்கை. நான்காவது முறை போசியைத் திறந்தார். புளிச்சோறும், நல்லெண்ணெயும், வறுத்த நிலக்கடலையும், உருளைக்கிழங்கு வறுவலும் மணத்தன. நான் கையை விட்டேன். ஒரு வாய் என்பது எத்தனை வாயில் முடிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். போசியின் அடி தெரிந்தபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“நாயகி ஒண்ணும் சாப்பிடலீங்களே” என்றார் அவர், மெதுவாக. “அவளுக்குச் சர்க்கர வேற இருக்குது.”

மழை விட்டு, கார் சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கும்போது நான் உள்ளுக்குள் கணக்கை முடித்துக்கொண்டேன். கிழிந்த ஸ்வெட்டர், தொலைந்த மீன், அவிழ்ந்த வேட்டி, காலிப் போசி, பசியில் காத்திருக்கும் சர்க்கரைக்காரச் சம்பந்தியம்மாள். இதில் எந்த ஒன்றுக்கும் ஒரு கல்யாணம் நின்றுபோகும். நான் ஐந்து சேர்த்திருந்தேன். சுகந்தி கேட்டது என்ன? வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னாள். வாயைத் தவிர மற்றதையெல்லாம் வைத்து அவள் வாழ்க்கையை முடித்துவிட்டு, ஈரக் காலோடு வீட்டுப் படியேறினேன்.

கூடத்தில் நான் பார்த்தது இது: தரையில் வாழை இலை. அதன் முன்னால் செல்வநாயகி அம்மாள். கையில் ரசம் சோறு. பக்கத்தில் பார்வதி கரண்டியோடு. சுகந்தி சுவரோரம் நின்று, என்னைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவள் எதை வேண்டாம் என்கிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

“அட! கை நனைச்சுட்டீங்களே!” என்றேன்.

செல்வநாயகி அம்மாளின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பார்வதியின் கரண்டி நின்றது. வெளியே கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. (சொட்டுகளை நான் எண்ணவில்லை. நம்புங்கள்.)

அந்த அம்மாள் சோற்றை இலையில் திரும்ப வைத்தார். முகம் சிவந்துபோனது. “தல சுத்தி உளுகப் பாத்தனுங்க. பொண்ணு பயந்து ஓடி வந்து ஊட்டுனா. மயக்கத்துல ரெண்டு வாய் வெச்சது. இதப் போயிக் கணக்குல சேத்தாதீங்க.”

இதை என்னிடம் வந்து சொல்கிறார். உலகத்தில் உள்ள எல்லாரையும் விட்டுவிட்டு, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று என்னிடம்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். ஒன்பது வரன் போனபோதும் அவள் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவியவள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. தாவணி வயதில்கூட நான் பார்த்திராத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். திறக்க வேண்டாத நேரத்தில் திறந்த வாய், இப்போது ஏதாவது சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு எழுத்துகூடப் பேச மறுத்தது.

என் பின்னாலிருந்து சின்னச்சாமி வந்தார். முதுகில் ஜன்னலோடு, சேறு படிந்த வேட்டியோடு, நேராகப் போய் மனைவிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒரு எல போடுங்க அம்மிணி.”

“என்னங்க இது?” என்றார் செல்வநாயகி அம்மாள். “நம்ம கட்டுச்சோறு இருக்குதல்ல?”

“அது தீந்துபோச்சு.”

“தீந்துபோச்சா? நாலு பேரு சோறு!”

“நானும் சம்பந்தியும் சாப்பிட்டுட்டோம்.”

“ஆரு சம்பந்தி?”

“பின்ன? நம்ம போசியில அவரு கைய நனைச்சுட்டாரு. அவரு ஊட்டு எலையில நீ கைய நனைச்சுட்ட. இதுக்கு மேல யோசிக்கறதுக்கு என்ன கெடக்குது? ஊருக்குப் போயி, திருடித் தின்னோம்னா சொல்லச் சொல்றே?”

செல்வநாயகி அம்மாள் கணவரின் முதுகைப் பார்த்தார். ஜன்னலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு காலிப் போசியோடு நிற்கும் என்னைப் பார்த்தார். கடைசியாகச் சுகந்தியை.

“அந்த ரசம் ஆரு வெச்சது?”

“நாந்தாங்க, அத்தை” என்றாள் சுகந்தி. அத்தை என்ற சொல் பாதியில் உடைந்தது.

“நல்லாருக்குது. இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அந்தப் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று என்னைக் கேட்டால் இப்போதும் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் அந்த ஏழு பொட்டைப் பற்றித்தான். பேத்தி பள்ளிக்கூடத்தில் எண் எழுதப் பழகும்போது, “அப்பிச்சி ஏழு வரைக்கும்தான் எண்ணுவாரு, அதுக்குள்ள மீனு ஓடிப் போயிரும்” என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். (அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா, அதாவது நான்.)

சம்பந்தியம்மாள் எனக்கு ஒரு நன்றியும் சொன்னார், கல்யாண மண்டபத்தில், நூறு பேருக்கு நடுவில். “இவரு ஒரு மீன ஒழுங்காப் பிடிச்சுக் குடுத்திருந்தா, ஒரு மணி நேரத்துல திரும்பி வந்திருப்பாங்க. நானும் என் கட்டுச்சோத்தத் தின்னுட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு பல்லடம் போயிருப்பேன்.” எல்லாரும் சிரித்தார்கள். என் மகளின் வாழ்க்கைக்கு நான் செய்த ஒரே உதவி, என் கையாலாகாத்தனம்தான் என்று மைக் இல்லாமலே ஊருக்கு அறிவித்தார்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் ஒரு சொல்வழக்கு வந்துவிட்டது. ஏதாவது காரியம் நல்லபடியாக முடிய வேண்டுமென்றால், “ஆம்பளைங்க ரெண்டு பேரையும் மீன் பிடிக்க அனுப்பீருங்க” என்பார்கள். பேத்திக்குப் பெயர் வைக்கும்போது அனுப்பினார்கள். பண்ணையைப் பெரிதாக்குவதா என்று பேசும்போது அனுப்பினார்கள். நாங்கள் நனைந்து திரும்பி வருவோம். பெயர் வைத்திருப்பார்கள், பண்ணை பெரிதாகியிருக்கும்.

சின்னச்சாமிக்கு மீன்பிடிப்பு என்றாலே நடுக்கம் என்று சுகந்தி எனக்கு ரகசியமாகச் சொன்னாள். ‘சம்பந்தி ஆசையாக் கூப்பிடறாரு, எப்படி மாட்டேங்கறது’ என்கிறாராம். எனக்கும் அப்படியே என்று அவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தும் யார் முதலில் சொல்வது? சொன்னால் இத்தனை வருஷமும் ஒருவருக்காக ஒருவர் நடுங்காதது போல நடித்தோம் என்று ஆகிவிடும்.

சம்பந்தி வீட்டு இரண்டாவது பையனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை, ராசியான இடம் என்று, எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பேசுகிறார்கள். நேற்றுச் சம்பந்தியம்மாள் பார்வதிக்குப் போன் செய்து பேசி முடித்துவிட்டார். பிறகு போனைச் சின்னச்சாமியிடம் கொடுத்தார்.

“போலாமுங்களா சம்பந்தி?” என்றார். குரலில் உயிரே இல்லை.

“உங்க இஷ்டமுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரும் என்கிறார்கள். நாங்கள் இரண்டு கிழவர்களும் குடைக்குக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கீழே வீட்டில் எங்களைக் கேட்காமல் எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்.